மொட்டை மாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே, ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒவ்வொரு போயா (முழுநிலவு விடுமுறை) தினத்தன்றும் மாலை ஐந்தரை மணிக்குச் சிலர் கூடுகிறோம். அந்த மாதத்தில் தம்மைத் திகைக்க வைத்த விஞ்ஞானச் செய்தி ஒன்றை ஒவ்வொருவரும் கொண்டு வர வேண்டும். சங்கம் இல்லை, தலைவர் இல்லை, பொன்னாடை இல்லை. பல வருடங்கள் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பித்த பாவத்துக்குப் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. புதிதாக வருகிறவர்கள் அதே கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்பதால் எழுதி வைத்துவிட்டேன். இதைப் படித்துவிட்டு வந்தால் தேநீர் ஆறுவதற்குள் புதுக் கேள்விக்குப் போய்விடலாம்.

யார் வரலாம்?

படியேறக் கூடிய எவரும். மின்தூக்கி ஐந்தாம் மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் உங்கள் கால்தான். ஒன்பது வயதுப் பிள்ளையும் வருகிறாள், எண்பதைத் தாண்டிய ஓய்வுபெற்ற கணக்காளரும் வருகிறார். கூடுதலாகக் கேள்வி கேட்பவர் கணக்காளர்தான்.

வானத்தைப் பற்றிப் பேசுவதற்குப் போயா தினமா? முழுநிலவில் நட்சத்திரம் ஒன்றும் தெரியாதே?

தெரியாதுதான். மாதத்தில் வானம் பார்ப்பதற்கு மிகவும் உதவாத இரவு அது. ஆனால் விடுமுறை அன்றைக்குத்தானே கிடைக்கிறது! நிலவு இல்லாத இரவில் கூடினாலும் காலி வீதி விளக்குகள் பாதி வானத்தை விழுங்கிவிடும். ஆகவே வியாழன், வெள்ளி போன்ற பிடிவாதமான கோள்களோடு திருப்தி அடைகிறோம். எங்களுடைய வேலை முக்கியமாகப் பேச்சு.

எப்படிப்பட்ட செய்தியைக் கொண்டு வர வேண்டும்?

ஒரேயொரு நிபந்தனை உண்டு. செய்தியில் வரும் எண்ணை உங்கள் வீட்டுப் பொருள் ஒன்றால் அளந்துகொண்டு வாருங்கள். 'கோடானுகோடி', 'நம்ப முடியாத அளவு' என்ற சொற்களை வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட வேண்டும். அவற்றைச் சொன்னதும் தலைகள் ஆடும்; யாருடைய தலைக்குள்ளும் ஒன்றும் போய்ச் சேராது.

ஓர் உதாரணம். 2021 டிசம்பர் 25ஆம் திகதி ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைகாட்டியின் முதன்மை ஆடி ஆறரை மீற்றர் அகலம். 18 அறுகோணத் துண்டுகளால் ஆனது. தங்க முலாம் பூசப்பட்டது. "தங்கமா! எத்தனை கோடி ரூபாய்?" என்று எல்லோரும் வாய் பிளந்தோம். தையல் வேலை செய்யும் அம்மா ஒருவர் மட்டும், "எத்தனை பவுண், சேர்?" என்று கேட்டார். கணக்குப் போட்டோம். மொத்தத் தங்கம் 48 கிராம் அளவு. பவுணுக்கு 8 கிராம் என்றால் ஆறே ஆறு பவுண். "எங்கள் பக்கத்தில் ஆறு பவுணில் தாலிக்கொடி செய்தால் சனம் கதைக்கும்" என்றார். அந்த ஆறு பவுணைத்தான் ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிப்பில் 25 சதுர மீற்றர் பரப்புக்கு இழைத்திருக்கிறார்கள். எங்களுடைய வியப்பு அதன் பிறகுதான் தொடங்கியது.

இன்னொன்று: சர்வதேச விண்வெளி நிலையம் தரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் வீதியும் அவ்வளவுதான். இரவு பஸ்ஸில் முழங்காலை மடக்கிக்கொண்டு நாம் விடியும்வரை கடக்கும் தூரத்தை அந்த நிலையம் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறது. 'விண்வெளி' என்றதும் எங்கோ எட்டாத இடம் என்று நினைத்திருந்த பலர், அது பருத்தித்துறையை விடப் பக்கம் என்று அறிந்தபோது சற்று ஏமாந்துபோனார்கள். அந்த ஏமாற்றத்தையும் நான் வரவேற்கிறேன்.

வெப் தொலைகாட்டிப் படங்களின் நிறங்கள் உண்மையா, கணினியில் தீட்டியவையா?

அந்தத் தொலைகாட்டி பார்ப்பது பெரும்பாலும் செங்கீழ்க் கதிர்களை. நம் கண்ணுக்கு அவை தெரியா. ஆகவே நீண்ட அலைநீளத்துக்குச் சிவப்பு, குறுகியதற்கு நீலம் என்று ஒழுங்காக மாற்றிக் கொடுக்கிறார்கள். ஆண் பாடகர் பாடிய பாட்டைப் பெண் பாடகருக்காகச் சுருதி கூட்டிப் பாடுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இராகம் மாறவில்லை. நீங்கள் விண்கலத்தில் ஏறிப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் அந்த நிறங்கள் தெரியுமா என்றால், தெரியாது.

இலங்கைக்குத் தெற்கே கடலில் பெரிய குழி இருக்கிறதாமே? காலிமுகத்திடலில் நின்றால் தெரியுமா? கப்பல்கள் எப்படிப் போகின்றன?

இந்தக் கேள்வியைப் போல எனக்குப் பிடித்தது வேறில்லை. ஆகவே கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

குழி உண்மை. இந்து சமுத்திரத்தில், இலங்கைக்குத் தெற்கே, கடல் மட்டம் புவியின் சீரான வடிவத்தை வைத்துக் கணிக்கும் மட்டத்தைவிட 106 மீற்றர் தாழ்ந்திருக்கிறது. கொழும்புத் தாமரைக் கோபுரம் 350 மீற்றர். அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. உலகத்திலேயே இப்படிப்பட்ட மிகப் பெரிய பள்ளம் நம் வாசலில்தான் கிடக்கிறது. பரப்பளவு 30 இலட்சம் சதுர கிலோமீற்றருக்கும் மேல். இலங்கையை அப்படியே தூக்கி வைத்தால் நாற்பத்தைந்து இலங்கை அதற்குள் அடங்கும்.

இனித்தான் வேடிக்கை. நீங்கள் கப்பலில் அதன் நடுவே போனாலும் பள்ளம் தெரியாது. இறங்குவதாகவும் தோன்றாது. 'கீழ்' என்பதைத் தீர்மானிப்பது ஈர்ப்பு. கடல் நீர் அந்த ஈர்ப்புக்குக் கீழ்ப்படிந்து சமமாகத்தான் நிற்கிறது. அந்தப் பகுதியின் அடியில், பூமிக்குள் மிக ஆழத்தில், திணிவு சற்றுக் குறைவு. திணிவு குறைந்தால் ஈர்ப்புக் குறையும். ஈர்ப்புக் கூடிய பக்கங்கள் தண்ணீரைத் தம்மிடம் சற்றே இழுத்துக்கொள்ள, இங்கே மட்டம் தாழ்ந்துவிட்டது. கிண்ணத்துக்குள் இருக்கும் எறும்புக்குக் கிண்ணம் சமதரையாகத் தெரிந்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு கிண்ணம். கப்பல் விழாது, சுழி இல்லை, மர்மம் இல்லை.

திணிவு ஏன் குறைந்தது? பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழக ஆய்வாளர்கள் 2023இல் ஒரு விளக்கம் வெளியிட்டார்கள். 14 கோடி ஆண்டுகளாகக் கண்டத் தட்டுகள் நகர்ந்த கதையைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். இந்தியா வடக்கே நகர்ந்தபோது அதற்கு முன்னால் இருந்த தெதிஸ் என்ற பழைய கடலின் அடித்தரை பூமிக்குள் அமிழ்ந்தது. அமிழ்ந்தது ஆபிரிக்காவுக்கு அடியில் கிடந்த சூடான பாறைத் திரளைக் கிளறிவிட, அதிலிருந்து சூடான, அடர்த்தி குறைந்த பாறை மேலெழுந்து நம் கடலுக்குக் கீழே வந்து தங்கியது. பால் காய்ச்சும்போது ஓரிடத்தில் கரண்டியை அமிழ்த்தினால் வேறோரிடத்தில் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இது கணினி மாதிரி சொல்லும் விளக்கம். இதோடு உடன்படாதவர்களும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை.

காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடை சாப்பிட்டுக்கொண்டு தென்மேற்கே பார்ப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் "சும்மா கதை விடாதீர்கள்" என்பார்கள்.

செய்மதியை (செயற்கைக்கோளை)க் கண்டுபிடித்தவர் கொழும்பில் வாழ்ந்தாராமே?

பாதிச் சரி. ஆங்கில விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008 மார்ச் 19இல் கொழும்பில் இறந்தார். பொரளைக் கனத்தையில் அடக்கம். ஆனால் அவருடைய பெயர்பெற்ற கட்டுரை அவர் இங்கே வருவதற்கு முன்பே, 1945இல், பிரித்தானிய வானொலித் தொழில்நுட்பச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்துவிட்டது. செய்மதியை அவர் கண்டுபிடிக்கவில்லை. மத்திய கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு பொருளைச் சுற்ற விட்டால் பூமியோடு கூடவே சுழன்று ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரியும் என்பதும் அவருக்கு முன்பே தெரிந்த விடயம். பொட்டொச்னிக் என்ற பொறியியலாளர் 1928இலேயே கணக்குப் போட்டிருந்தார். அந்த இடத்தில் மூன்று நிலையங்களை வைத்தால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று எடுத்துக் காட்டியதுதான் கிளார்க்கின் பங்கு. உரிமப் பத்திரம் எடுக்கவில்லை. 1964இல் உண்மையாகவே ஒன்று அங்கே போய் நின்றது.

இதைக் கதையாகக் கேட்டுவிட்டுப் போகாமல், எங்கள் மாடியிலிருந்து சுற்றியுள்ள கூரைகளைப் பாருங்கள். தொலைக்காட்சி டிஷ் எல்லாம் பாதி மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாம் மத்திய கோட்டிலிருந்து 7 பாகை மட்டுமே தள்ளியிருக்கிறோம். அந்தச் செய்மதிகள் நம் தலைக்கு மேலே நிற்கின்றன. லண்டனில் இருக்கும் உங்கள் மருமகனிடம் அவர் வீட்டு டிஷ்ஷைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். சுவரோடு சுவராக நிமிர்ந்து நிற்கும். அங்கே அவை தொடுவானத்திலிருந்து 30 பாகைக்கு மேல் ஏறுவதே அரிது. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் பூமி உருண்டை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். காகம் எச்சமிடுவதும் இங்கேதான் அதிகம்.

அந்தத் தூரத்தை நம்மில் பலர் காதாலும் அறிந்திருக்கிறோம். செய்மதி வழியாக வந்த பழைய வெளிநாட்டு அழைப்புகளில், "சுகமா?" என்று கேட்டால் பதில் வர ஏறத்தாழ அரைச் செக்கன் பிந்தும். அதற்குள் நாம் அடுத்ததைத் தொடங்க, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தி, நிமிடக் கணக்கில் காசு போகும். ஒளி வேகத்தில் போய் வந்தாலும் 36,000 கிலோமீற்றர் மேலே, கீழே, மீண்டும் மேலே, கீழே என்றால் அவ்வளவு நேரம் எடுக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் யோசித்து யோசித்துப் பேசுகிறார்கள் என்றுதான் என் அம்மா இறக்கும்வரை நினைத்திருந்தார்.

எல்லாம் அமெரிக்காவும் இந்தியாவும் செய்தவை. நமக்கு என்ன இருக்கிறது?

இராவணா-1 என்ற செய்மதி இருந்தது. ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பெட்டி. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்தில் இலங்கைப் பொறியியலாளர் இருவர் உருவாக்கினார்கள். 2019 ஜூன் 17இல் விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது. சிறியதுதான். தோசைக் கல்லில் முதலில் ஊற்றும் தோசை எப்போதாவது வட்டமாக வந்திருக்கிறதா?

2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04க்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது இந்த மாடியில் நிற்க இடமில்லை. திட்டப் பணிப்பாளர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று ஒருவர் சொன்னதும் கைதட்டல் இரட்டிப்பானது. ஊர்ப் பெயரைக் கேட்டுக் கைதட்டுவது விஞ்ஞானம் ஆகாது என்று கணக்காளர் முணுமுணுத்தார். அவரும் தட்டினார்.

திருநள்ளாறு கோயிலுக்கு மேலே செய்மதிகள் மூன்று செக்கன் நின்று போகின்றன என்று நாசா சொன்னதாமே?

நாசா சொல்லவில்லை. தாழ்ந்த பாதையில் சுற்றும் செய்மதி செக்கனுக்கு ஏழு கிலோமீற்றருக்கு மேல் ஓடுவதால்தான் விழாமல் இருக்கிறது. கயிற்றில் கட்டிய கல்லைச் சுழற்றுகிறவன் கையை நிறுத்தினால் என்ன ஆகும்? மூன்று செக்கன் நின்றால் நாற்பது மீற்றர் அளவு கீழே விழுந்திருக்கும். மறுபடி அந்த வேகத்தைப் பிடிக்க இன்னொரு ஏவுகணை வேண்டும். 'நிற்கும்' செய்மதி வேண்டுமென்றால் மேலே சொன்ன 36,000 கிலோமீற்றர்க்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மூன்று செக்கன் அல்ல, வருடக் கணக்கில் மத்திய கோட்டுக்கு மேல் நிற்கிறார்கள். சனி பகவானுக்கு இதில் சம்பந்தமில்லை. கும்பிடப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம், நானும் போயிருக்கிறேன்.

சொந்தக்காரர்கள் வட்ஸ்அப்பில் பொய்ச் செய்தி அனுப்பினால் எப்படித் திருத்துவது?

ரொறன்ரோவில் இருக்கும் என் அக்கா ஒவ்வொரு ஆகஸ்டிலும், "27ஆம் திகதி செவ்வாய்க் கோள் நிலவளவு பெரிதாகத் தெரியும்" என்று அனுப்புவார். ஒருமுறை வாத்தியார் குணத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். மூன்று வாரம் பேச்சில்லை.

இந்தச் செய்திக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 2003 ஆகஸ்ட் 27இல் செவ்வாய் உண்மையாகவே பூமிக்கு மிக நெருங்கி வந்தது. ஏறத்தாழ 60,000 ஆண்டுகளில் அவ்வளவு நெருங்கியதில்லை. 75 மடங்கு பெருக்கும் தொலைகாட்டியில் பார்த்தால், வெறுங்கண்ணுக்கு நிலவு தெரியும் அளவில் செவ்வாய் தெரியும் என்று யாரோ எழுதினார்கள். கைமாறிக் கைமாறித் தொலைகாட்டி விழுந்துவிட்டது, நிலவு மிஞ்சியது. வருடமும் விழுந்துவிட்டதால் ஆண்டுத் திவசம் போல ஒவ்வொரு ஆகஸ்டிலும் வருகிறது.

2018இல் வேறு வழி பிடித்தேன். அந்த ஆகஸ்டில் செவ்வாய் நல்ல பிரகாசம். "அக்கா, இன்று இரவு தெற்கே பாருங்கள், சிவப்பாக ஒன்று தெரியும், நிலவளவா என்று சொல்லுங்கள்" என்றேன். பார்த்தார். "குங்குமப் பொட்டளவுகூட இல்லையடா" என்றார். இப்போது எந்தக் கோள் எங்கே என்று எனக்கு அனுப்புகிறவர் அவர்தான்.

"இன்றிரவு 12.30 முதல் 3.30 வரை அண்டக் கதிர்கள், கைத்தொலைபேசியை அணைத்து வையுங்கள்" என்பதற்கு இவ்வளவு பாடு வேண்டாம். அண்டக் கதிர்கள் நாள் முழுவதும் நம் ஊடாகப் போய்க்கொண்டிருக்கின்றன. அணைத்து வைத்தால் நிம்மதியாக உறங்கலாம் என்பது வேறு விடயம்.

விஞ்ஞானிகளே பிழை விடுகிறார்களே, பிறகு எதை நம்புவது?

விடுகிறார்கள். 2011இல் ஒளியைவிட வேகமாக நியூத்திரினோ என்ற நுண்துகள்கள் வந்துவிட்டன என்று இத்தாலியில் அளந்தார்கள். 730 கிலோமீற்றர் ஓட்டத்தில் 60 நனோ செக்கன் முந்தியதாம். ஐன்ஸ்டைன் தோற்றார் என்று தலைப்புகள் வந்தன. கடைசியில் ஓர் ஒளியிழை வடம் சரியாக இறுக்கப்படவில்லை. 2023இல் தென் கொரியாவிலிருந்து, சாதாரண வெப்பநிலையில் மின்தடையே இல்லாத பொருள் என்று ஒன்று வந்தது. சில வாரங்களில் பல ஆய்வுகூடங்கள் செய்து பார்த்து இல்லை என்றன. நம் நாட்டிலும் 2012 டிசம்பரில் பொலன்னறுவையில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கற்களில் பாசியுயிர்களின் எச்சம் இருப்பதாகவும், ஆகவே உயிர் விண்ணிலிருந்து வந்தது என்றும், கொழும்பில் பிறந்த வானியலாளர் சந்திர விக்கிரமசிங்க குழுவினர் எழுதினார்கள். அவை பூமியின் நன்னீர்ப் பாசிகள், அந்தக் கல் விண்கல்லே அல்ல என்று பலர் மறுத்தார்கள்.

நான் கவனிப்பது ஒன்றைத்தான்: வேறு யாராவது தனியாகச் செய்து பார்த்தார்களா? நியூத்திரினோக் குழுவினர் "எங்களுக்கே நம்ப முடியவில்லை, பிழையைக் கண்டுபிடித்துத் தாருங்கள்" என்று உலகத்தைக் கேட்டார்கள். அந்த இறுகாத வடத்தின் கதைதான் எனக்கு வெற்றிச் செய்திகள் பலவற்றைவிட இனிக்கிறது. எலியில் வெற்றி பெற்ற மருந்துகளை மட்டும் தயவு செய்து கொண்டு வராதீர்கள். எலிகள் இதுவரை எத்தனையோ நோயிலிருந்து பிழைத்துவிட்டன.

தமிழ்நாட்டுச் செய்தியில் 'நிறை' என்கிறார்கள், நீங்கள் 'திணிவு' என்கிறீர்கள். எது சரி?

இரண்டும். சிக்கல் என்னவென்றால் நம் பாடப் புத்தகத்தில் 'நிறை' என்பது ஈர்ப்பால் வரும் பாரம். அங்கே அதுவே பொருளின் திணிவு, பாரத்துக்கு 'எடை'. ஆகவே "நிலவில் உங்கள் நிறை மாறாது" என்ற அங்குள்ள வசனம் சரி; அதே வசனத்தை நம் பிள்ளை எழுதினால் புள்ளி போகும். அவர்களுடைய செயற்கைக்கோள் நமக்குச் செய்மதி, முடுக்கம் ஆர்முடுகல், ஆக்சிஜன் ஒட்சிசன். காபனீரொட்சைட்டு என்று சொன்னால் சென்னை நண்பர்கள் மருந்தின் பெயரா என்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழில் மருத்துவம் படிப்பித்து, நூல்களையும் தமிழில் கொண்டு வந்தார். கலைச்சொல் இல்லை என்று ஒதுங்குகிறவர்கள் அவருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். மாடியில் எந்தச் சொல்லையும் பாவிக்கலாம். எந்தக் கரைச் சொல் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

வொயேஜர் விண்கலத்தில் சிங்களம் போயிருக்கிறதாம், தமிழ் போகவில்லையாம். உண்மையா?

உண்மை. 1977இல் போன பொன் இசைத்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. சிங்களம் உண்டு, தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு. தமிழ் இல்லை. இதைக் கேட்டவுடன் மாடியில் ஒரு மௌனம் விழும். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அவசரமாகத் தொகுத்த பட்டியல் என்று நான் சமாதானம் சொல்வேன். எனக்கும் உள்ளூர வலிக்கும்.

ஆனால் அந்தக் கலத்தைப் பற்றி அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. 2023 நவம்பரில் வொயேஜர்-1 உளறத் தொடங்கியது; சமிக்ஞை வந்தது, பொருள் இல்லை. அப்போது அது 2,400 கோடி கிலோமீற்றருக்கு அப்பால். ஒரு கட்டளை போய்ச்சேர 22 மணித்தியாலத்துக்கு மேல், பதில் வர மறுபடி அவ்வளவு. இன்று கேட்டால் நாளை மறுநாள் பதில். அதன் கணினி நினைவகம் முழுவதும் 70 கிலோபைட் அளவு. நீங்கள் காலையில் அனுப்பும் பூப்போட்ட வணக்கப் படத்தைக்கூட அது தாங்காது. பொறியியலாளர்கள் மாதக்கணக்கில் துருவி, நினைவகத்தின் ஒரு சில்லுக் கெட்டுவிட்டது என்று கண்டார்கள். சில்லை மாற்ற யார் போவது? அதில் இருந்த நிரலைத் துண்டு துண்டாக வெட்டி, வேறு இடங்களில் இருந்த இடுக்குகளில் செருகினார்கள். 2024 ஏப்ரல் 20இல் அது மீண்டும் தன் நலத்தைத் தெளிவாகச் சொன்னது. 46 வயது இயந்திரம். அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்: ஓர் அறையில் வயது போனவர்களும் இளையவர்களும் மேசையைச் சுற்றி இருந்து கைதட்டுகிறார்கள். என்ன மொழியில் வணக்கம் சொன்னால் என்ன என்று அப்போது மட்டும் தோன்றுகிறது.

இதனால் எல்லாம் அரிசி விலை குறையுமா?

குறையாது. தேநீர் இலவசம்.

பிள்ளைகளுக்கு எங்கே தொடங்கலாம்?

1965இல் கைத்தொழில் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட கொழும்புக் கோள்மண்டலம் என்ற வான்காட்சி அரங்கைக் காட்டுங்கள். பொறியியலாளர் குலசிங்க வடிவமைத்த தாமரை வடிவக் கட்டடத்தையே அரைமணி நேரம் பார்க்கலாம். அதைவிட மலிவானது, உங்கள் முற்றத்தில் நிழல் இல்லாத மதியம். வருடத்தில் இரண்டு முறை சூரியன் கொழும்பின் உச்சிக்கு நேர் மேலே வருகிறது: ஏப்ரல் 7ஆம் திகதியளவிலும், செப்டம்பர் முதல் வாரத்திலும். ஏப்ரலில் அது சரியாக 12 மணிக்கு நிகழாது, 12.12 அளவில்தான். நம் கடிகாரம் பின்பற்றும் நெடுங்கோடு கொழும்புக்குக் கிழக்கே இருப்பதால் சூரியன் நமக்குச் சற்றுப் பிந்துகிறது.

அந்த நாளில் மட்டும் போயாவைப் பார்க்காமல் மதியத்திலேயே கூடுகிறோம். நேரான போத்தல் ஒன்று கொண்டு வாருங்கள். தண்ணீர்த் தாங்கியின் தூண்களுக்குப் பக்கத்தில் சமதரை இருக்கிறது. மேகம் வந்தால் பணம் திரும்பக் கிடைக்காது, ஏனென்றால் வாங்குவதில்லை. ஐந்தாம் மாடிக்கு மேல் படிகள்தான் என்பதை மறந்து கடந்த முறை நால்வர் 12.15க்கு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள். அதற்குள் போத்தலின் நிழல் கிழக்கே மெல்ல நீளத் தொடங்கியிருந்தது.